குறைந்த காசில் காருக்குப் பெயிண்ட்: எதில் கையைச் சுருக்கலாம், எதில் கூடாது

பத்துப் பன்னிரண்டு வருசம் வெயிலில் நின்ற சின்னக் கார்களின் கூரையையும் பானெட்டையும் பாருங்கள். கதவுகள் நன்றாகவே இருக்கும்; மேல்பக்கம் மட்டும் திட்டுத்திட்டாக வெளுத்து, ஓரத்தில் பிசிறு கிளம்பியிருக்கும். உரிந்து வருவது பெயிண்ட் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது நிறத்துக்கு மேலே இருந்த கிளியர், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. நம் பக்கத்துப் பெயிண்டர்கள் லாக்கர் என்றும் சொல்வார்கள். வெயிலின் புற ஊதாக் கதிரையும், மழையையும், பறவை எச்சத்தையும் தாங்குகிற வேலை அதனுடையது. அது போய்விட்டால் அடியில் இருக்கிற பேஸ், அதாவது நிறப் பூச்சு, ரொம்ப நாள் நிற்காது.

பல்லடம் ரோட்டில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் இறங்கியதும் கேட்பது, "ஏனுங்ணா, முழு வண்டியும் அடிச்சா எவ்வளவுங்க ஆகும்?" நான் கேட்பது, "முழுசா எதுக்குங்க?" காசு கம்மியாக இருந்தால் முதலில் குறைக்க வேண்டியது பரப்பைத்தான். கூரை, பானெட், டிக்கி மூடி மூன்றையும் ஒழுங்காக அடித்து, கதவுகளுக்குக் காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்தாலே பாதிக்கும் மேற்பட்ட வண்டிகள் தேறிவிடும். முழு வண்டிக்கு ஒதுக்கிய சின்னத் தொகையை எட்டு ஒன்பது பாகத்துக்கும் நிரவினால், ஒவ்வொன்றிலும் மட்டமான சாமான்தான் போகும். அடுத்த சித்திரை வெயிலில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தைப் பொறுத்தும் செலவு மாறும். சாதா வெள்ளை மாதிரி சாலிட் கலர் என்றால் ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கிற டூ-கே பெயிண்டையே நேரடியாக அடிக்கலாம். பளபளப்பு அதிலேயே வந்துவிடும், தனிக் கிளியர் தேவையில்லை. பட்ஜெட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சில்வர், கிரே போன்ற மெட்டாலிக்கில் பேஸ், அதன்மேல் கிளியர் என்று இரண்டு வேலை. அதோடு, ஒரு கதவை மட்டும் அடித்தால் பக்கத்துக் கதவோடு சேராது. பக்கத்துப் பாகத்திலும் கொஞ்சம் பேஸை இழைத்து, அந்தப் பாகம் முழுக்கக் கிளியர் அடித்தால்தான் கண்ணுக்குத் தெரியாது. முத்து வெள்ளை இன்னும் ஒரு படி மேலே, மூன்று அடுக்கு. கையில் காசு இல்லாதபோது முத்து வெள்ளை வண்டியை முழுசாக அடிக்கச் சொல்லாதீர்கள்.

கலர் கோடு, அதாவது நிறத்தின் குறியீடு, எஞ்சின் அறைத் தகட்டிலோ, டிரைவர் பக்கக் கதவுத் தூணிலோ இருக்கும். மாருதியில் 26யு என்றால் சுப்பீரியர் ஒயிட். ஆனால் வெயில் தின்ற வண்டியில் கோடு மட்டும் போதாது. பெட்ரோல் மூடியைக் கழற்றி, பாலிஷ் போட்டு, மிக்ஸிங் கடைக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டுக் கலக்கச் சொல்ல வேண்டும். அழுக்கு மூடியோடு போனால் அழுக்கு நிறத்துக்குத்தான் கலந்து கொடுப்பார்கள்.

ஏற்கெனவே யாராவது மறுபெயிண்ட் அடித்திருந்தால் இன்னொரு சோதனை. மறைவான ஓரத்தில் தின்னர் தொட்ட துணியைக் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்துப் பாருங்கள். நிறம் துணிக்கு வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகை, ஹார்ட்னர் இல்லாமல் காற்றிலேயே உலர்வது; பழைய பெயிண்டர்கள் டியூகோ என்பது அதைத்தான். அதன்மேல் டூ-கே அடித்தால் அடி பெயிண்ட் சுருங்கி மடிப்பு விழ வாய்ப்பு அதிகம். சுரண்டி எடுக்காமல் அடிக்கக் கூடாது. இன்றைக்கும் ரொம்பக் குறைந்த விலை சொல்கிறவர்களில் சிலர் அடிப்பது என்.சி.தான். பெட்ரோல் சிந்தினால் கறை பிடிக்கும், சீக்கிரம் மங்கும்.

இனி கிளியர். செலவில் கை வைக்கவே கூடாத இடம் இதுதான். ஒரு சின்னக் காருக்கு இரண்டு கோட் (பூச்சு) அடிக்க, ஹார்ட்னர், தின்னர் எல்லாம் கலந்து மூன்று லிட்டரை ஒட்டித் தேவைப்படும். நல்ல கிளியருக்கும் மட்டமானதுக்கும் மொத்தத்தில் சில ஆயிரம்தான் வித்தியாசம் வரும். பட்டி பார்ப்பது, தேய்ப்பது, மாஸ்கிங் என்று கூலி எப்படியும் ஒன்றுதான். அவ்வளவு கூலி கொடுத்த வேலைக்கு மேலே மட்டமான கிளியரை ஊற்றுவது, பட்டுச் சேலை எடுத்துச் சாயம் போகிற நூலில் ஓரம் அடிப்பது மாதிரி.

விலையைவிடக் கலவையில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. டூ-கே கிளியர் காற்றில் உலர்வதோடு நிற்பதில்லை. ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட் கிளியரோடு வினைபுரிந்து வலையாகப் பின்னிக்கொண்டு இறுகுகிறது. அதனால் டப்பாவில் 2-க்கு 1 என்று இருந்தால் 2-க்கு 1, 4-க்கு 1 என்று இருந்தால் 4-க்கு 1. கண் அளவு உதவாது. ஹார்ட்னர் விலை கூடுதல் என்று அதைக் குறைத்துத் தின்னரைக் கூட்டுவது நடக்கிறது. அடித்த அன்றைக்குக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ஒரு மாதம் கழித்து நகம் பட்டால் பதியும், பளபளப்பு அமுங்கும். தின்னரும் அந்தக் கிளியருக்கு உரியதாக இருக்க வேண்டும். கேனில் வரும் சாதா என்.சி. தின்னரில் ஆல்கஹால் வகையும் ஈரமும் இருக்கும். அவை ஹார்ட்னரோடு சேர்ந்து அதைத் தின்றுவிடும்.

ஒரு கம்பெனி கிளியர், வேறொரு கம்பெனி ஹார்ட்னர் என்பதும் வேண்டாம். இரண்டையும் செட்டாக வாங்கி, உங்கள் முன்னால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஹார்ட்னர் தெளிவாக ஓட வேண்டும். கலங்கியிருந்தாலோ, மூடி ஓரத்தில் வெள்ளையாகக் கட்டியிருந்தாலோ ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், தூக்கிப் போடலாம்.

ஹார்ட்னரில் வேகமானது, நடுத்தரம், மெதுவானது என்று இருக்கிறது. பங்குனி, சித்திரையில் கரூர், ஈரோடு வெக்கையில் வேகமான ஹார்ட்னரை ஊற்றினால் மேல்தோல் முதலில் மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிய தின்னர் குமிழாக வெடித்துக் குண்டூசித் துளைகளை விட்டுவிடும். 'சீக்கிரம் காஞ்சிருமுங்க' என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெயில் காலத்தில் மெதுவானது, அதுவும் விடியற்காலையில் அடித்தால் நல்லது. பேஸ் நன்றாகக் காய்ந்து மங்கலான பிறகுதான் கிளியர். அந்தக் காத்திருப்பைச் சுருக்கினாலும் இதே துளைதான்.

நம் ஊருக்கென்றே இரண்டு வில்லன்கள் உண்டு. ஒன்று, உப்புத் தண்ணீர். அவிநாசி, பல்லடம் சுற்றுவட்டாரத்தில் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். அதில் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, அலசாமல் அப்படியே காயவிட்டால் உப்பு தகட்டில் தங்கிவிடும். பெயிண்டுக்கு அடியில் உப்பு இருந்தால் மழைக்காலத்தில் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் பொடிப்பொடிக் கொப்புளம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீர் இரண்டு குடம் போதும். பட்டி வைத்த இடத்தில் தண்ணீரே படக் கூடாது, அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அங்கே உலர்ந்த தேய்ப்புதான்.

இன்னொன்று, பனியன் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனிகளின் கழிவுத் துணி. திருப்பூரைச் சுற்றி எல்லாப் பட்டறையிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், கையும் கிரீஸும் துடைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் பெயிண்ட் அடிக்கப்போகிற தகட்டை அதில் துடைத்தால் பிசிறு ஒட்டும். அது போதாதென்று, துணி மெத்தென்று இருக்க ஃபினிஷிங்கில் சிலிக்கான் சாஃப்ட்னர் போடுவது வழக்கம். அந்தச் சிலிக்கான் ஒரு துளி தகட்டில் ஏறினாலும் பெயிண்ட் அந்த இடத்தில் விலகி, மீன் கண் மாதிரி வட்டக் குழி விழும். பேஸில் விழுந்தால் திரும்பத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். பெயிண்ட் கடையில் பிசிறில்லாத துடைப்புத் துணியும், ஒட்டும் தன்மையுள்ள டேக் துணியும் கிடைக்கும். விலை பெரிதில்லை.

ஆடிக்காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை புழுதியை அள்ளிக்கொண்டு வரும். பூத் (பெயிண்ட் அடிக்கிற மூடிய அறை) இல்லாத கொட்டகையில் அந்த மாதங்களில் முழு வண்டி அடிக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. ஐப்பசி மழையில் பிரச்சினை கம்ப்ரசரில். டேங்கில் சேர்கிற தண்ணீரைத் தினமும் வடிக்காவிட்டால் அது ஸ்ப்ரே கன் வழியாக உங்கள் பானெட்டுக்கு வந்து சேரும். தை, மாசிதான் நல்ல காலம்.

பெயிண்டர் முகத்தில் என்ன கட்டியிருக்கிறார் என்றும் பாருங்கள். ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். கைக்குட்டையோ தூசு மாஸ்க்கோ அதைத் தடுக்காது. குறைந்தபட்சம் கரி வடிகட்டி போட்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும். பூத்துக்குள் வெளிக்காற்றுக் குழாய் மாஸ்க் இன்னும் நல்லது. வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

நிறத்தையே மாற்ற நினைத்தால் கதவின் உள்பக்கம், பானெட்டின் அடிப்பக்கம் என்று செலவு ஏறும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ஆலிவ் பச்சை கேட்டும் சில தம்பிகள் வருகிறார்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி அது ராணுவ வண்டிக்கு மட்டும்.

கொட்டேஷனில் 'பெயிண்ட் வேலை' என்று ஒற்றை வரி இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தெந்தப் பாகம், எந்தக் கிளியர், எத்தனை கோட் என்று எழுதி வாங்குங்கள். வண்டி வந்தபின் ஒரு மாதம் வேக்ஸ், பாலிஷ் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெயிலில் காயவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். தின்னர் கலக்காத பேஸ் மீந்திருந்தால் கேட்டு வாங்கி, சின்ன டப்பாவில் இறுக மூடி, கலர் கோடும் தேதியும் எழுதி வையுங்கள். அடுத்து எங்காவது உரசினால் மிக்ஸிங் காசு மிச்சம்.