பல்ப்: தாளிலிருந்து வந்த பெயர்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நகர்த்தும் ரோல்பிளே ஆட்டத்தை, அந்தக் கால மலிவு இதழ்க் கதைகளின் விறுவிறுப்போடு ஆடினால் அது பல்ப் பாணி. ஆனால் 'பல்ப் பாணி ஆட்டம்' என்று தமிழில் எழுதினால் முக்கால்வாசிப் பேர் மின்விளக்கைத்தான் நினைப்பார்கள், நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப' தானே. அதற்காகவே இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். அதைத் தேடும் முன் மூலச்சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

லத்தீனில் 'பல்ப்பா' என்றால் சதை, பழத்தின் சதைப்பகுதி. அது ஆங்கிலத்துக்கு வந்து, மசித்த எதற்கும் பெயராகி, கடைசியில் காகிதம் செய்ய அரைக்கும் மரக்கூழுக்கும் பெயரானது. 1896இல் அமெரிக்காவில் ஃபிராங்க் மன்சி தன்னுடைய 'ஆர்கோசி' இதழை முழுக்க முழுக்கக் கதைகளாக்கி, மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டு, 10 சென்ட்டுக்கு விற்றார். மரத்தை அப்படியே அரைத்துச் செய்த தாள் என்பதால் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறும், சில வருடங்களில் ஓரம் தொட்டாலே நொறுங்கும். வழவழப்பான தாளில் வந்த இதழ்கள் 'ஸ்லிக்ஸ்', இவை 'பல்ப்ஸ்', அவ்வளவுதான் வித்தியாசம். அதாவது இது தாளின் பெயர், கதை வகையின் பெயர் இல்லை. துப்பறியும் கதைக்கு 'பிளாக் மாஸ்க்' (1920), அமானுஷ்யத்துக்கு 'வியர்ட் டேல்ஸ்' (1923), அறிவியல் புனைவுக்கு 'அமேசிங் ஸ்டோரீஸ்' (1926) என்று எல்லாமே இந்தப் பெயருக்குள் அடங்கின. இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தாள் தட்டுப்பாடு, அப்புறம் மலிவு விலைப் புத்தகங்கள், தொலைக்காட்சி என்று வரிசையாக வந்து 1950களில் இந்த இதழ்கள் மறைந்தன.

சரி, தமிழில்? 'கூழ்க்கதை' நேர்மொழிபெயர்ப்பு, ஆனால் காதில் விழுந்ததும் குடிக்கிற கூழ்தான் ஞாபகம் வரும். 'வெகுஜனக் கதை', 'ஜனரஞ்சகம்' இரண்டும் ரொம்ப அகலமானவை, வழவழப்புத் தாளில் வந்த கதைகளும் அதில் சேர்ந்துவிடும். என் தேர்வு 'சாணித்தாள் கதை'. அந்தப் பழுப்புத் தாளுக்கு நாம் ஏற்கெனவே வைத்த பெயர்தான் அது, மூலச்சொல்லைப் போலவே தாளைச் சொல்லிக் கதையைக் குறிக்கிறது, அதில் இருக்கும் லேசான இளக்காரம்கூட மூலத்திலும் உண்டு.

ரோல்பிளே ஆட்டக்காரர்கள் 'பல்ப்' என்னும்போது தாளைச் சொல்வதில்லை, வேகத்தைச் சொல்கிறார்கள். அந்த எழுத்தாளர்களுக்கு வார்த்தைக் கணக்கில்தான் கூலி, பெரும்பாலும் ஒரு வார்த்தைக்கு ஒரு சென்ட் அல்லது அதைச் சுற்றி. ஆற அமர யோசித்து எழுத நேரமில்லை, வாசகனை முதல் பத்தியிலேயே பிடித்துவிட வேண்டும். கதை இன்றைய காலத்தில் நடக்கும் ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியது இதைத்தான். தொப்பியும் நீளக் கோட்டும் மாட்டிவிட்டால் சாணித்தாள் பாணி வந்துவிடாது.

ஆட்டத்தை நடத்துபவர்களில் நிறைய பேர் தடுமாறுவது செல்போனில். ஆபத்து என்றால் உடனே போலீசுக்கு ஒரு அழைப்பு, கதை முடிந்தது. அதற்காக ஒவ்வொரு முறையும் சிக்னலைத் துண்டித்தால் ஆட்டக்காரர்கள் சலித்துப்போவார்கள். நான் செய்வது வேறு, போனையே ஆபத்தின் வாசலாக்கிவிடுவேன். நள்ளிரவு, நாற்பதாவது மாடி, சர்வர் அறை, கதவுக்கு வெளியே காலடிச் சத்தம். அந்த நேரத்தில் போன் அதிர்கிறது, திரையில் நேற்று அடக்கம் செய்த நண்பனின் பெயர். ஆட்டத்தைத் தொடங்குவதே இந்த இடத்தில்தான், அங்கே எப்படி வந்தார்கள் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

விதிகளும் இதற்கு உதவ வேண்டும். 2003இல் வந்த 'சாவேஜ் வேர்ல்ட்ஸ்' ஆட்டத்தில் சாதாரண அடியாள் ஒரே காயத்தில் விழுந்துவிடுவான், நாயகர்களும் பெரிய வில்லன்களும் பல காயம் தாங்குவார்கள். ஒரே நாயகன் பத்துப் பேரை அடிப்பது அங்கே இயல்பாக நடக்கும்.

அந்தக் காலத்துச் சரக்கில் ஒன்றை மட்டும் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். ஆசியர்களையும் கறுப்பினத்தவரையும் இனத்தை வைத்தே வில்லனாகவும் காட்டுமிராண்டியாகவும் காட்டிய வழக்கம் அது. வில்லனுக்கு ஒரு முத்திரை, ஒரு வெறி, ஒரு மறைவிடம் கொடுங்கள், அவன் பிறப்பைத் தொடவே வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த உத்தி 2006இல் வந்த 'ஸ்பிரிட் ஆஃப் தி செஞ்சுரி' ஆட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் பாத்திரம் நாயகனாக வந்த ஒரு கற்பனை நாவலுக்குத் தலைப்பு வைக்க வேண்டும், அடுத்தவர் நாவலில் துணைப்பாத்திரமாகவும் தலைகாட்ட வேண்டும். இன்றைய கதைக்களத்துக்கும் இது அப்படியே பொருந்தும். 'ஏழாவது கடவுச்சொல்' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும், மற்ற ஆறு கடவுச்சொற்கள் யாரிடம் இருக்கின்றன என்று மேசையைச் சுற்றி எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.