ஆளில்லாமல் ஓடும் நிரல்: பின்னணிச் சேவை ஒன்றை உருவாக்கி நிறுவுவது எப்படி?

நாம் அன்றாடம் பயன்படுத்தும் நிரல்களுக்கு முன்னால் எப்போதும் ஓர் ஆள் அமர்ந்திருக்கிறார். நிரலைத் திறப்பதும், அது திணறினால் மூடுவதும், பிழைச் செய்தி வந்தால் படிப்பதும் அவர் வேலை. பின்னணிச் சேவைக்கு அப்படி யாரும் இல்லை. அது கணினியுடன் தானே எழுந்து, திரையில் முகம் காட்டாமல் ஓட வேண்டும். ஆகவே பயனர் செய்துவந்த அத்தனை சிறு வேலைகளையும் யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். ஒரு சேவையை உருவாக்குவதில் பெரும்பங்கு இந்த ஒப்படைப்புதான். சேவை செய்யவேண்டிய அசல் வேலைக்கான நிரல்வரிகள் பல நேரங்களில் நூறைக்கூடத் தாண்டுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு கோப்புறையில் வந்து விழும் கோப்புகளை, அவற்றின் தேதியைப் பார்த்து, ஆண்டு, மாத வாரியான துணைக் கோப்புறைகளுக்கு நகர்த்தும் சேவை ஒன்றை லினக்ஸ் கணினியில் அமைக்கிறோம். முதலில் எழும் கேள்வி, புதிய கோப்பு வந்திருப்பதை அது எப்படி அறிந்துகொள்ளும் என்பது. விநாடிக்கு ஒருமுறை கோப்புறையைத் திறந்து பார்ப்பது எளிய வழி. ஆனால் ஒரு நாளில் இரண்டே கோப்புகள் வந்தாலும் அதற்காக 86,400 முறை பிராசஸரை எழுப்புகிறோம். மடிக்கணினியாக இருந்தால் பேட்டரிதான் அதற்கு விலை கொடுக்கும். மாறாக, 2005-இல் வெளியான 2.6.13 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) ஐநோட்டிஃபை என்னும் வசதி உள்ளது. ‘இந்தக் கோப்புறையில் ஏதாவது நடந்தால் எழுப்பு’ என்று கெர்னலிடம் சொல்லிவிட்டு நிரல் காத்திருப்பில் போய்விடலாம். காத்திருக்கும் நிரலைக் கெர்னல் ஓடவேண்டியவற்றின் வரிசையிலிருந்தே நீக்கிவிடுவதால், நிகழ்வு வரும்வரை அது பிராசஸரின் நேரத்தைச் சிறிதும் எடுத்துக்கொள்வதில்லை. நல்ல சேவை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இப்படி உறங்கியே கழிக்கிறது.

எழுப்பப்படும் நேரத்தில்தான் சிக்கல்கள் தொடங்குகின்றன. ‘கோப்பு உருவாயிற்று’ என்ற அறிவிப்பு, கோப்பு பிறந்த கணத்திலேயே வந்துவிடும். உள்ளடக்கம் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். அந்த அறிவிப்பை நம்பிக் கோப்பைப் படிக்கும் சேவையின் கைக்குப் பாதிக் கோப்புதான் கிடைக்கும். ‘எழுதுவதற்காகத் திறந்த கோப்பு மூடப்பட்டது’ என்ற அறிவிப்புக்காகக் காத்திருப்பதே சரி. அதுவும் போதாது: பல நிரல்கள் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டு, முடிந்தபின் உண்மையான பெயருக்கு மாற்றுகின்றன என்பதால், பெயர்மாற்றத்தின் வழியாக வந்து சேரும் கோப்புகளுக்கான அறிவிப்பையும் கேட்டுவைக்க வேண்டும்.

அறிவிப்புகளை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. அவை சேரும் வரிசைக்கு ஓர் எல்லை உண்டு, வழக்கமாக 16,384. ஒரே நேரத்தில் கோப்புகள் வெள்ளமாக வந்தால் வரிசை நிரம்பி, எஞ்சிய அறிவிப்புகள் கைவிடப்படும். நிரம்பிவிட்டது என்ற செய்தி மட்டும் கிடைக்கும். சேவை ஓடாத நேரத்தில் வந்த கோப்புகளுக்கோ எந்த அறிவிப்பும் இல்லை. எனவே தொடங்கும்போதும், வரிசை நிரம்பியபோதும் கோப்புறையை முழுமையாக ஒருமுறை பார்வையிட வேண்டும். இதில் வரிசைமுறை முக்கியம்: முதலில் கண்காணிப்பைத் தொடங்கிவிட்டுப் பிறகே பார்வையிட வேண்டும், மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட நொடியில் வந்த கோப்பு யார் கண்ணிலும் படாமல் போகும். இவ்வாறு செய்வதால் ஒரே கோப்பு இரண்டு முறை கண்ணில் படலாம். அதனால் பாதகமில்லை, ஏற்கெனவே நகர்த்தப்பட்ட கோப்பைக் காணாவிட்டால் அலட்டிக்கொள்ளாமல் கடந்துபோகும்படி நிரலை எழுதிவிட்டால் போதும்.

இனி, இந்த நிரலை யார் தொடங்குவது, யார் கவனித்துக்கொள்வது? பழைய யூனிக்ஸ் மரபில் இந்தப் பொறுப்பை நிரலே சுமந்தது. அது தன்னைப் பிரதியெடுத்து, மூலத்தை முடித்துக்கொண்டு, டெர்மினலிலிருந்து (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்திலிருந்து) தன்னைத் துண்டித்து, கணினியின் முதல் பிராசஸுக்குத் (கணினி எழும்போது முதலில் ஓடத் தொடங்கும் நிரலுக்குத்) தத்துப்பிள்ளையாகிவிடும். அதன் பிறகு அது உயிரோடிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல எவரும் இல்லை. மேக் கணினிகளில் 2005-இல் வந்த லாஞ்ச்டியும், லினக்ஸில் 2010-இல் வெளியான சிஸ்டம்டியும், சேவைகளை மேற்பார்வையிடும் நிரல்களாக, இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கின. சேவை சாதாரண நிரலைப் போல முன்னணியிலேயே ஓடட்டும்; தொடங்குவது, கண்காணிப்பது, நிறுத்துவது எல்லாம் மேற்பார்வை நிரலின் பொறுப்பு. சேவை உருவாக்கும் பிள்ளைப் பிராசஸ்களையும் சிஸ்டம்டி ஒரே கட்டுப்பாட்டுக் குழுவுக்குள் வைத்திருப்பதால், எதுவும் பிரிந்துபோய் அநாதையாக நிற்பதில்லை. இந்த மாற்றத்தால் சேவை எழுதுவோருக்குப் பெரும் சுமை குறைந்தது. பிழைச் செய்திகளைக்கூட வழக்கமான வெளியீட்டில் எழுதினாலே போதும், மேற்பார்வை நிரல் அதைத் தேதி, நேரத்துடன் பதிவேட்டில் சேர்த்துவிடும்.

மேற்பார்வை நிரலுக்கு நாம் கொடுப்பது ஒரு சிறு வரையறைக் கோப்பு மட்டுமே. எந்த நிரலை ஓட்டுவது, எதற்குப் பிறகு தொடங்குவது, விழுந்தால் என்ன செய்வது என்று பத்துப் பன்னிரண்டு வரிகள். இவற்றுள் கவனத்தைக் கோருவது மறுதொடக்கம் பற்றிய வரி. சேவை பிழையால் விழுந்தால் மீண்டும் எழுப்பு என்று மட்டும் சொன்னால், சிஸ்டம்டி 100 மில்லிவிநாடி இடைவெளியில் எழுப்பும். 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க நேர்ந்தால் கைவிட்டுவிடும் என்பதும் அதன் இயல்பான ஏற்பாடு. ஆகவே, வெளிப்புற வட்டு இணைய மூன்று விநாடி தாமதமானாலும், சேவை அதற்குள் ஐந்து வாய்ப்புகளையும் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடக்கூடும். இடைவெளியை 5 விநாடியாக மாற்றினால் 10 விநாடிக்குள் ஐந்து தொடக்கங்கள் நிகழவே முடியாது. அப்போது அந்த எல்லை ஒருபோதும் எட்டப்படாமல், சரிசெய்யவே முடியாத பிழை உள்ள நிரலும் முடிவின்றி எழுந்து எழுந்து விழும். இடைவெளி, எல்லை ஆகிய இரண்டையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. முதலில் ‘முடித்துக்கொள்’ என்ற சிக்னல், அதாவது ஓடும் நிரலுக்கான ஒரு சிறு அறிவிப்பு, அனுப்பப்படும். குறித்த நேரத்துக்குள் சேவை அடங்காவிட்டால் மேற்பார்வை நிரல் கெர்னல் வழியாக அதை வலுக்கட்டாயமாக முடித்துவிடும். சிஸ்டம்டி தரும் அவகாசம் பொதுவாக 90 விநாடி. சில லினக்ஸ் வினியோகங்களில் இது குறைவு. கணினியை அணைக்கும்போது திரை நெடுநேரம் நின்றுபோவதற்கு, இந்தச் சிக்னலைப் பொருட்படுத்தாத ஏதோ ஒரு சேவை பெரும்பாலும் காரணமாக இருக்கும். நம் சேவை உறக்கத்திலிருக்கும்போதும் சிக்னல் வரலாம் என்பதால், கோப்பு நிகழ்வுக்கும் சிக்னலுக்கும் ஒரே இடத்தில் காத்திருப்பதும், சிக்னல் வந்ததும் கையிலுள்ள கோப்பை மட்டும் முடித்துவிட்டு வெளியேறுவதும் நல்ல வடிவமைப்பு. மின்சாரம் திடீரென்று நின்றாலோ சிக்னலே வராது. ஒரே கோப்பு முறைமைக்குள் கோப்பை நகர்த்துவது வெறும் பெயர்மாற்றம்தான். ஆனால் வேறொரு வட்டுக்கு நகர்த்தினால் அது நகலெடுத்து அழிக்கும் வேலையாகிவிடும். ஆகவே தற்காலிகப் பெயரில் நகலெடுத்து, வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, பெயர் மாற்றி, கடைசியில்தான் மூலத்தை அழிக்க வேண்டும்.

டெர்மினலில் ஒழுங்காக ஓடிய நிரல் சேவையாக நிறுவியதும் விழுந்துவிடுவது அடிக்கடி நேர்வது. டெர்மினல் தரும் சூழல் மாறிகள் (நிரல் ஓடும் சூழலைப் பற்றிய அமைப்புகள்) சேவைக்குக் கிடைக்காததே பெரும்பாலும் காரணம். நிரல்களைத் தேடும் பாதைப் பட்டியல் வேறாக இருக்கும், நடப்புக் கோப்புறையும் வேறாக இருக்கும். எனவே முழுப் பாதைகளையே எழுதுவது நல்லது. விண்டோஸில் இன்னும் கடுமை. அங்கே சேவையாகத் தொடங்கப்படும் நிரல் 30 விநாடிக்குள் சேவைக் கட்டுப்பாட்டு மேலாளர் என்னும் மேற்பார்வை நிரலுடன் தொடர்புகொள்ளாவிட்டால், தொடக்கம் தோல்வி என்று கருதப்படும். விஸ்டா பதிப்பு முதல் சேவைகள் பயனரின் திரையிலிருந்து தனியே பிரிக்கப்பட்ட அமர்வில் ஓடுவதால், அவை திறக்கும் சாளரம் யாருக்கும் தெரியாது. யாரோ பொத்தானை அழுத்துவார்கள் என்று காத்திருக்கும் நிரல் அங்கே காலமெல்லாம் காத்திருக்கும்.

நம் எடுத்துக்காட்டுச் சேவை ஒரே பயனரின் கோப்புகளைத்தான் தொடுகிறது. அதை நிர்வாகி உரிமையுடன் நிறுவத் தேவையே இல்லை. நிரலைப் பயனரின் சொந்தக் கோப்புறையில் வைத்து, வரையறைக் கோப்பை அவருக்குரிய சேவைகளின் இடத்தில் இட்டு, சிஸ்டம்டியை மீண்டும் படிக்கச் செய்துவிட்டால் போதும். தொடங்குவதும் இயல்பாக்குவதும் இரு வேறு கட்டளைகள்: முன்னது இப்போதே ஓட்டும், பின்னது அடுத்த முறை தானாக ஓடுவதற்கான இணைப்பை உருவாக்கும். பயனர் சேவைகள் அவர் உள்நுழையும்போது எழுந்து, வெளியேறும்போது அடங்கும். அதன் பின்னும் ஓடவேண்டுமென்றால் அதற்கான அனுமதியைத் தனியே தர வேண்டும். நீக்கும்போது இதே படிகளைப் பின்னோக்கிச் செய்ய வேண்டும். சேவையை நிறுத்தி, இயல்பாக்கத்தை விலக்கி, பிறகே வரையறைக் கோப்பை அழிக்க வேண்டும். கோப்பை முதலில் அழித்துவிட்டால், இல்லாத கோப்பைச் சுட்டும் இணைப்பு ஒன்று மிஞ்சி நிற்கும்.