இந்த மாதத்தில் நான்காவது பனிமலை

நேற்றும் ஒரு மாணவர் கேன்வாஸோடு வந்து நின்றார். பனிமலை, ஏரி, ஓரத்தில் பைன் மரங்கள். வானம் மட்டும் பட்டை பட்டையாகக் காய்ந்து கிடந்தது. "பாப் ராஸ் செய்தபடியேதான் செய்தேன் சார், ஏன் வரவில்லை?" டிவியில் அரை மணி நேரத்தில் ஒரு படம் வரைந்து காட்டிய அமெரிக்க ஓவியர்தான் இந்த பாப் ராஸ்.

என்ன பெயின்ட் என்று கேட்டேன். அக்ரிலிக்காம். பாப் ராஸ் போட்டது ஆயில், அதுவும் காயாத வெள்ளைப் பூச்சின் மேல். நம் ஊர் வெக்கையில் அக்ரிலிக் காயாமல் காத்திருக்குமா? ஆயிலில் போடுகிறவர்களுக்கோ வேறு வியாதி, எல்லாம் சேறாகிவிடும். ஈரத்தில் போடும்போது கெட்டி பெயின்டின் மேல் இளகியதுதான் ஒட்டும். அவரே அலுக்காமல் சொன்னதுதான், யார் காதில் வாங்குகிறார்கள்?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'அரை மணி நேரம் பார்த்துப் போட்டால் அவர் ஸ்டைல் கைக்கு வந்துவிடும்' என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த அரை மணியில் அவர் எதையும் புதிதாக யோசிக்கவில்லை. அதே படத்தை முன்பே ஒருமுறை வரைந்து, கேமராவுக்குத் தெரியாத இடத்தில் வைத்து, அதைப் பார்த்துத்தான் போட்டார். புத்தகத்துக்காக அப்புறம் மூன்றாவதாகவும் ஒன்று. அதோடு, அமெரிக்க விமானப்படையில் 20 ஆண்டு இருந்தவர். அலாஸ்காவில் அந்த மலைகளோடு வாழ்ந்தவர். நீங்கள் பார்த்தது வீடியோவை.

காப்பி அடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் அப்படித்தான் கற்றேன். வான்கோ 1887-இல் ஜப்பானிய அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் மழைப் பாலப் படத்தை ஆயிலில் போட்டார். ஆனால் வண்ணத்தை அழுத்தமாக்கினார், சுற்றிலும் தானே ஒரு பார்டர் கட்டினார்.

முழுப் படத்தையும் எடுக்காதீர்கள், ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். அந்தப் பனியையே பாருங்கள். பெயின்ட் தீட்டும் கத்தியின் விளிம்பில் மெல்லிய சுருளாக வெள்ளை, அழுத்தாமல் ஒரு இழுப்பு. வெள்ளை தானே உடைந்து அடியிலிருக்கும் கறுப்புப் பாறை தெரியும். அட்டையில் இதை மட்டும் இருபது தடவை போடுங்கள்.

கண்காட்சிக்கு வைப்பதானால் 'இன்னாரைப் பார்த்து வரைந்தது' என்று எழுதிவிடுங்கள், தயவுசெய்து. டர்பன்டைன் எடுத்தால் ஜன்னலைத் திறங்கள். ஆயில் பெயின்டில் கலக்கும் லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள்.

நேற்று வந்தவர் தென்காசிக்காரர். வீட்டு மொட்டை மாடியில் ஏறினாலே மலை தெரியுமாம். ஒருநாளும் வரைந்ததில்லையாம்.