ரீப்ரொடக்டிவ் ஐசொலேஷன்: தனிமையா, தடையா?

தாவரவியல் படிப்பவர்கள் ‘இனப்பெருக்கத் தனிமை’ என்ற தொடரைக் கடந்து வந்திருப்பார்கள். முதல்முறை படிக்கும்போது, துணையில்லாமல் எங்கோ தனியாக நிற்கும் ஒரு செடிதான் மனதில் தோன்றும். சொல்ல வந்த பொருளோ கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. நெருங்கிய உறவுள்ள இரண்டு சிற்றினங்கள் ஒரே சரிவில், கிளையோடு கிளை உரச வளரலாம். ஒரே காற்று இரண்டின் மகரந்தத்தையும் சுமக்கலாம். ஆனாலும் ஒன்றின் மகரந்தத்தால் மற்றொன்றில் விதை பிடிப்பதில்லை, அல்லது விதை பிடித்தாலும் வம்சம் தொடர்வதில்லை. இந்த நிலைக்குத்தான் ‘ரீப்ரொடக்டிவ் ஐசொலேஷன்’ என்று பெயர்.

தனிமை என்ற சாயல் மூலச்சொல்லிலேயே இருக்கிறது. லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. இத்தாலியில் அது ‘இசொலா’ ஆனது. அதிலிருந்து பிறந்த ‘இசொலாத்தோ’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஐசொலேஷன் என்றால் தீவாக்குதல், அவ்வளவுதான். (கணையத்தில் தீவுத் தீவாகக் கிடக்கும் செல்கள் சுரப்பதால் இன்சுலினுக்கும் இதே வேரிலிருந்துதான் பெயர் வந்தது.) ருஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி, 1937இல் வெளியிட்ட நூலில் ‘ஐசொலேட்டிங் மெக்கானிசம்’ என்ற தொடரைப் பரப்பினார். அதன் இரண்டாம் பாதிக்குப் பின்னாளில் எதிர்ப்பு வந்தது. மெக்கானிசம் என்றால் ஏதோ ஒரு நோக்கத்துக்காகவே அமைந்த பொறி என்ற எண்ணம் வரும். பெரும்பாலான தடைகள் அப்படி உருவானவை அல்ல. ஒவ்வொரு சிற்றினமும் தன் சூழலுக்கு ஏற்ப மாறிக்கொண்டே போனதன் பக்கவிளைவு அவை. அதனால் இப்போது ‘பேரியர்’, அதாவது தடை, என்ற சொல்லே அதிகம் புழங்குகிறது.

சரி, தமிழில் ‘இனப்பெருக்கத் தடை’ என்று சொல்லிவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. கருத்தடை என்ற சொல்லுக்குப் பழகிய காதில், இனம் பெருகுவதையே யாரோ தடுப்பதாக அது விழும். இந்தச் செடிகள் தம் இனத்துக்குள் தாராளமாகப் பெருகுகின்றன. தடைபடுவது கலப்பு மட்டும்தான். ஆகவே ‘கலப்புத் தடை’ என்றால் போதும். விடு என்பதிலிருந்து விடை வருவதுபோல, தடு என்பதிலிருந்து தடை. தடுப்பவர் என்று எவரையும் காட்டாமல் தடுக்கும் செயலை மட்டும் அந்தச் சொல் காட்டுகிறது. மெக்கானிசத்தில் இருந்த கோளாறு இதில் இல்லை.

தீவு உருவகம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு நல்ல சாட்சி ஒரு தீவிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்டு ஹவ் தீவின் பரப்பு 15 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே ஹோவியா என்ற பேரினத்தில் இரண்டு பனைகள் உண்டு. ஒன்று, உலகமெங்கும் வரவேற்பறைத் தொட்டிகளில் வளரும் கென்டியா பனை. மற்றொன்று அதன் தமக்கைச் சிற்றினம். இரண்டுக்கும் காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது. நடுவில் கடலோ மலையோ பிரித்துவைக்காமலே இரண்டும் பிரிந்தன. கென்டியா பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணில் வளர்கிறது, மற்றது எரிமலை மண்ணில். உச்சப் பூப்புக் காலங்களுக்கு இடையே சுமார் 6 வார இடைவெளி. ஒன்றின் மகரந்தம் பறக்கும் நாளில் மற்றொன்றின் பெண்பூ பெரும்பாலும் தயாராக இருப்பதில்லை. நாள்காட்டியே வேலியாகிவிட்டது.

மகரந்தம் சுமக்கும் உயிரும் தடையாகலாம். வட அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் இரண்டு மிமுலஸ் செடிகள் உண்டு. இளஞ்சிவப்புப் பூவுள்ள லூயிசியை பம்பிள் தேனீ நாடுகிறது, சிவப்புப் பூவுள்ள கார்டினாலிஸை ரீங்காரச்சிட்டு நாடுகிறது. (ரீங்காரச்சிட்டைத் தேன்சிட்டு என்று எழுதுவது தவறு. இரண்டும் வேறு வேறு குடும்பம்.) மனிதர் கையால் மகரந்தம் சேர்த்தால் விதை பிடிக்கிறது, முளைக்கிறது, பூக்கவும் செய்கிறது. காட்டில் அப்படி நடப்பது அரிது. இரண்டும் சந்திக்கும் உயரத்தில் தேனீ ஒரு பூவுக்கும் சிட்டு இன்னொரு பூவுக்கும் போய்விடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2003இல் வெளியான ஆய்வில், பூ நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரே மரபணுப் பகுதியைக் கார்டினாலிஸிலிருந்து லூயிசிக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். பூ மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறியது. சிட்டுகளின் வருகை 68 மடங்கு கூடியது!

மகரந்தம் பூவின் ஏற்பு நுனியான சூலகமுடியில் வந்து விழுந்தபிறகும் கதை முடிவதில்லை. அங்கிருந்து மகரந்தக்குழாய் சூலகத்தண்டு வழியாக, விதையாகப் போகும் சூல் வரை வளர்ந்தாக வேண்டும். மக்காச்சோளக் கதிரில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒரு சூலகத்தண்டு. மக்காச்சோளத்தின் உறவான டிரிப்சக்கம் புல்லின் மகரந்தக்குழாய்க்கு அவ்வளவு நீளம் கடக்க வலு போதாது. 1930களின் தொடக்கத்தில் தாவர மரபியலாளர் பால் மாங்கல்ஸ்டார்ஃபும் அவர் கூட்டாளியும் அந்த இழைகளைக் கத்தரித்துக் குட்டையாக்கியே கலப்பினத்தை உண்டாக்கினார்கள்.

இதுவரை பார்த்தவை கருவுறுவதற்கு முந்தியவை. ஆங்கிலத்தில் தடைகளை, கருவுற்ற முட்டையைக் குறிக்கும் ‘சைகோட்’ என்ற சொல்லை வைத்து முன், பின் என்று பிரிப்பார்கள். கிரேக்கத்தில் அதற்கு நுகத்தில் பூட்டியது என்று பொருள். தமிழில் கருமுன் தடை, கருப்பின் தடை என்றாலே தெளிவாகிவிடும். கருப்பின் தடைக்குத் தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே காத்திருக்கின்றன. விதைக்குள் கருவுக்கு உணவாகும் கருவூண் சரியாக வளராமல் விதை சூம்பிப்போனால் அது பதர். செடி செழித்து வளர்ந்தும் விதை தராவிட்டால் அது மலடு. 1760களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் கோல்ராய்ட்டர் இரண்டு புகையிலைச் சிற்றினங்களைக் கலந்தபோது கிடைத்தது அப்படிப்பட்ட செடிதான். அதை அவர் தாவரக் கோவேறு கழுதை என்றே அழைத்தார்.

மலடு என்றால் அத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டிராகோபோகன் என்ற பேரினத்தின் 3 ஐரோப்பியச் சிற்றினங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் 12 குரோமோசோம். அவை தமக்குள் கலந்து பெற்ற பிள்ளைகள் பெரும்பாலும் மலடு, ஏனென்றால் இரு பெற்றோரின் குரோமோசோம்களும் சரியாக இணை சேர்வதில்லை. அப்புறம் சில செடிகளில் மொத்தத் தொகுப்பும் இரட்டித்து 24 ஆனது. இப்போது ஒவ்வொன்றுக்கும் சரியான இணை இருக்கிறது, விதை பிடிக்கிறது. தாவரவியலாளர் மாரியன் ஓன்பி 1950இல் இப்படிப்பட்ட இரண்டைப் புதிய சிற்றினங்களாக அறிவித்தார். இவை தம் பெற்றோரோடு மறுபடி கலந்தால் பிள்ளைக்கு 18 குரோமோசோம். அங்கே மீண்டும் இணை சேர்வதில் சிக்கல், மீண்டும் மலடு. பெற்ற செடிக்கும் பிறந்த செடிக்கும் இடையில் ஒரே தாவலில் கலப்புத் தடை எழுந்துவிட்டது, இரண்டும் ஒரே சாலையோரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே.