ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது

"ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் குழந்தைக்குப் பேதி நிற்கவில்லையே?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். நிற்காது, அந்த உப்பு-சர்க்கரைக் கரைசலின் வேலை அதுவல்ல. பெரும்பாலான பேதி சில நாளில் தானே அடங்கும். அதுவரை உடம்பு வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

வெறும் தண்ணீர் போதாதா? குடலில் உப்பு போகும் பக்கம்தான் தண்ணீரும் போகும். காலராவில் கிருமியின் நஞ்சு குடற்செல்லின் குளோரைடு வாயிலைத் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்ட, பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் போகின்றன. ஆனால் ஒரு வழியில் மட்டும் நஞ்சு கைவைப்பதில்லை: எஸ்.ஜி.எல்.டி.1 என்னும் புரதம். அதை ஒரு படகென்று வையுங்கள். சோடியம் இரண்டு, குளுக்கோஸ் ஒன்று ஏறினால்தான் புறப்படும். செல்லின் மறுபுறம் ஒரு பம்பு சோடியத்தை ஓயாமல் இறைத்துக்கொண்டிருப்பதால் உள்ளே எப்போதும் சோடியம் குறைவு. அந்தப் பள்ளத்தை நோக்கிச் சோடியம் பாயும்போது குளுக்கோஸும் கூடவே உள்ளே வருகிறது; பின்னாலேயே தண்ணீர். ஆக, அந்தச் சர்க்கரை தெம்புக்கானது அல்ல, உப்புக்கான பயணச்சீட்டு! உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராகாவில் சொன்ன யோசனை இது. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலானபிஸ் இப்படி உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசலை டிரம்களில் கலந்து வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சர்க்கரை கூடினால் காரியம் கெடும். உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை, உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 பொட்டாசியம் குளோரைடு, 2.9 சிட்ரேட் என்பதே கணக்கு. குளிர்பானங்களில் லிட்டருக்குச் சர்க்கரை சுமார் 100 கிராம்! இத்தகைய இனிப்புப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் போட்டுக்கொள்ள இந்தியாவில் 2025 அக்டோபரில்தான் முழுத் தடை வந்தது.

ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுசாகக் கொட்டுங்கள். பாதியைப் பிரித்து டம்ளரில் கலக்கினால் அளவு தப்பும்; உப்பு மிஞ்சினால் வலிப்புகூட வரலாம். கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான். ஒவ்வொரு பேதிக்கும் பிறகு, இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். துத்தநாகம் (ஜிங்க்) 14 நாள்: தினம் 20 மி.கி., ஆறு மாதத்துக்குள் 10.

தொக்கம் எடுக்கிறோம், குடல் தட்டுகிறோம் என்று அலைவதில்தான் பொன்னான மணி நேரங்கள் போகின்றன. கண் குழிந்து, குழந்தை துவண்டு, குடிக்க முடியாமல் போனாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.