டிராலி: கம்பியில் உருண்ட சக்கரத்தின் பெயர்

விமான நிலையத்தில் பெட்டிகளை அடுக்கித் தள்ளிச் செல்லும் வண்டியையே இன்று நாம் டிராலி என்கிறோம். அமெரிக்க நகரங்களில் இச்சொல் தெருத் தண்டவாளத்தில் ஓடிய மின்சார வண்டியைக் குறித்தது. ஆனால் மின்சாரப் போக்குவரத்தில் அது முதலில் வண்டிக்கு இட்ட பெயரன்று. மேலே செல்லும் கம்பியில் உருண்டு மின்சாரத்தை வாங்கிய சிறு சக்கரப் பொறியின் பெயர்.

உருளுதல், அலைதல் எனப் பொருள்படும் 'டிரோல்' என்னும் பழைய ஆங்கில வினையே இதன் வேர் எனக் கருதுவர். இங்கிலாந்தில் டிராலி என்னும் சொல் சிறு சரக்கு வண்டிக்கு வழங்கியது. பின்னர், 1880களின் சோதனை வண்டிகள் சிலவற்றில், கம்பிகளின் மேல் ஏறி நின்ற குட்டிச் சக்கர வண்டியொன்றைக் கீழே ஓடும் வண்டி இழுத்துச் சென்றபோது, பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் குட்டி வண்டியோ அடிக்கடி கம்பியை விட்டு நழுவிக் கீழே விழுந்தது.

இக்குறையை வென்று காட்டிய நகரம் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட். எடிசனிடம் பணியாற்றிய முன்னாள் கடற்படை அதிகாரி ஃபிராங்க் ஸ்பிரேக், அங்கே சுமார் 19 கிலோமீட்டர் பாதைக்கு 40 வண்டிகளை அமைக்க ஒப்பந்தம் செய்து, 1888 பிப்ரவரி 2 அன்று முறையான சேவையைத் தொடங்கினார். கூரையில் நின்ற நீண்ட கோலை வில்சுருள் மேல்நோக்கித் தள்ள, கோலின் நுனியிலிருந்த பள்ளச் சக்கரம் கம்பியை அடியிலிருந்து அழுத்தியபடி உருண்டது. பத்து விழுக்காடு வரை சரிவுள்ள மேடுகளிலும் வண்டி ஏறியது. பாஸ்டன் நகரக் குதிரை டிராம் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி விட்னி ஐயத்தோடு வந்தபோது, ஸ்பிரேக் இரவில் 22 வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பிக் காட்டினார். பாஸ்டனும் மின்சாரத்துக்கு மாறியது. ரிச்மண்டின் டிராம்கள் 1949இல் நின்றன.

சக்கரத்தின் பெயர் கோலுக்கும், பின் வண்டி முழுமைக்கும் பரவியது. இலக்கண நூலார் இதைச் சினையாகுபெயர் என்பர். புரூக்ளின் மக்கள் விரைந்து வரும் டிராலிகளுக்கு விலகி ஓடியதால் அவ்வூர் பேஸ்பால் அணிக்கு 'டிராலி டாட்ஜர்ஸ்' என்ற பெயர் வந்தது. அப்பெயரின் பின்பாதியை லாஸ் ஏஞ்சலிஸ் அணி இன்றும் தாங்குகிறது.

சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய வண்டிக்கு பிரித்தானிய வழக்கை ஒட்டி டிராம் என்ற பெயரே நிலைத்தது. தமிழில் அதற்கு 'அமிழ் தண்டூர்தி' என்னும் ஆக்கம் உண்டு. தெருவின் மட்டத்தில் பதிந்த தண்டவாளத்தை அது அழகாகச் சொல்கிறது, மின்சாரத்தைச் சொல்லவில்லை. எனவே வண்டிக்குத் 'தெரு மின்வண்டி' என்பதே எளிது. கூரைப் பொறிக்குத் 'தொடுகோல்' என்றும், அதன் சக்கரத்துக்குக் 'கம்பி உருளி' என்றும் சொல்லலாம். 'உருள்பெருந்தேர்' என்று குறளில் வரும் உருள் என்னும் வேரே உருளியிலும் இருப்பதால், மூலச்சொல்லின் உருளற்பொருள் தமிழிலும் சிதையாமல் நிற்கும்.