உர மூட்டையில் வந்த மண்

சில ஆண்டுகளுக்கு முன்பு, சம்பா நாற்றங்கால் விடும் நேரத்தில், ஒரு பெரியவர் தம் வயல் மண்ணைப் பரிசோதனைக்காக எடுத்து வந்தார். மண் இருந்த பை, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த டிஏபி உரத்தின் பழைய சாக்கு. அதன் மடிப்பில் இன்னும் நாலைந்து குருணைகள் ஒட்டியிருந்தன. எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டபோது, எருக்குழிக்குப் பக்கத்தில் வரப்போரமாக ஒரே வெட்டில் அள்ளியதாகச் சொன்னார். அந்த மண்ணை ஆய்வகத்தில் கொடுத்திருந்தால், மணிச்சத்து ஏராளமாக இருப்பதாக அறிக்கை வந்திருக்கும். அதை நம்பி உரத்தைக் குறைத்து, விளைச்சலும் குறைந்திருந்தால், பழி ஆய்வகத்தின் மேல்தான் விழுந்திருக்கும்.

காவிரிப் பாசனப் பகுதியில் நெல் விவசாயிகளுக்கு உர ஆலோசனை சொல்வது என் வேலை. நவீன வேளாண்மை என்றவுடன் இப்போது ட்ரோனும் செல்பேசிச் செயலியும் நானோ உரமுமே பேச்சில் வருகின்றன. இவற்றுக்கு நான் எதிரியல்ல. ஆள் கிடைக்காத நாளில் ட்ரோன் செய்யும் உதவி பெரிது. ஆனால் எதை, எவ்வளவு, எப்போது இடுவது என்பதை வயலிடம் கேட்டறியாமல் வாங்கும் கருவி, தவறான அளவை வேகமாகத் தெளிக்க மட்டுமே உதவும்.

மறுநாள் அவர் வயலுக்கு நானும் போனேன். வரப்பு, எருக்குவியல், மரநிழல், வாய்க்காலோரம் ஆகியவற்றைத் தவிர்த்து, குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்பரப்புச் சருகை ஒதுக்கிவிட்டு, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து சீராக ஒரு படலம் மண்ணைச் செதுக்கி எடுத்தோம். எல்லாவற்றையும் சுத்தமான துணியில் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்குகளைத் தள்ளி, அரை கிலோ மிஞ்சும் வரை அதையே திரும்பச் செய்து, நிழலில் உலர்த்தினோம். அரை நாள் வேலைதான். மண் பரிசோதனை முடிவை எழுதித் தரும் மண்வள அட்டைத் திட்டம் 2015இல் தொடங்கியதிலிருந்து பல வீடுகளில் அட்டை இருக்கிறது. அதைப் பார்த்து உரம் வாங்குவோர் சிலரே.

அவருடைய அட்டை வந்தபோது மணிச்சத்து உயர்நிலை, துத்தநாகம் பற்றாக்குறை என்றிருந்தது. வருடந்தோறும் டிஏபி போட்டு வந்த வயலில் இதில் வியப்பில்லை. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை உலர்ந்த மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவச் சொன்னேன். டிஏபியுடன் சேர்த்துக் கலந்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன்; மணிச்சத்தோடு சேர்ந்தால் துத்தநாகம் பயிருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும்.

தழைச்சத்து (நைட்ரஜன்) விவகாரம் இதைவிடச் சிக்கலானது. தழைச்சத்து தரும் யூரியாவின் விலையை அரசு நிர்ணயித்திருப்பதால் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. பொட்டாஷ் பல மடங்கு விலை. ஆகவே கை யூரியாவுக்கே போகிறது. சேற்று வயலில் இட்ட தழைச்சத்தில் பாதிக்கும் மேல் பயிருக்குச் சேராமல், அம்மோனியாவாக ஆவியாகியும், நீரோடு இறங்கியும், நைட்ரஸ் ஆக்சைடு உள்ளிட்ட வாயுக்களாக மாறியும் வீணாகிறது. வேர் அதை மிகுதியாக உறிஞ்சினாலும் நன்மையில்லை. கரும்பச்சை கட்டிய வயலைத்தான் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் முதலில் தேடி வருகின்றன, கதிர் முற்றும்போது மழை பெய்தால் சாய்வதும் அதுவே.

இலையில் தெளிக்கும் திரவ உரமான நானோ யூரியாவைப் பற்றிக் கேட்போருக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்வேன். 2021இல் வந்த அரை லிட்டர் புட்டியில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது 20 கிலோவுக்கும் மேல். பிறகு செறிவு கூட்டப்பட்டாலும், புட்டி மூட்டைக்கு முழு மாற்று என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நான் கையில் வைத்திருக்கும் கருவி மிக மலிவானது: வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டை. நடவு செய்த 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை, வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, காலை எட்டு மணி முதல் பத்து மணிக்குள், பத்துக் குத்துகளில் (நாற்றுக் கொத்துகளில்) முழுதாக விரிந்த இளம் இலையைப் பறிக்காமல், அதன் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்து, நம் உடம்பின் நிழலிலேயே நிறத்தை ஒப்பிட வேண்டும். பார்ப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும், ஆளுக்கு ஆள் பச்சை மாறும். பெரும்பாலான ரகங்களுக்கு 4, வெள்ளைப் பொன்னிக்கு 3 என்பது எல்லை. பத்தில் ஆறு இலைகளாவது அதற்குக் கீழே இருந்தால்தான் மேலுரம், அதாவது வளரும் பயிருக்கு இடும் யூரியா; சம்பாவில் ஒரு முறைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியா.

அந்தச் சம்பாவில் பெரியவருக்கு மேலுரம் தூவக் கை பரபரத்தது. “பக்கத்து வயல்ல நேத்தே போட்டுட்டாங்க சார், நம்ம பயிரு பின்தங்கிடாதா?” என்றார். அவரையே பார்க்கச் சொன்னேன். குனிந்து, ஒவ்வொரு இலையாக விரல் நுனியில் ஏந்தி எண்ணினார், மூன்றுதான் வெளிறியிருந்தன. மூட்டை திண்ணையிலேயே இருந்தது. எட்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, “இன்னைக்கு ஏழு சார்” என்றார். அன்று பிற்பகல் தண்ணீரை வடித்துவிட்டு மூட்டையைப் பிரித்தார்.